ஹட்டனில் ஒரு பஞ்சாலை வரலாறு

பல்கலைக்கழக வேலைக்குப் போன முதல் நேர்முகப் பரீட்சையில் என்னிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டார்கள். எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்தன. "நீங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தோட்ட மக்களைப் பற்றி எழுதாமல் கோயம்புத்தூர் பஞ்சாலைகளைப் பற்றி ஏன் எழுதினீர்கள்?"

கேட்டவர் நரைத்த தலையோடு மென்மையாகப் பேசுகிற பேராசிரியர். அவர் குரலில் ஏளனம் இருக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. நான் வேறு கேள்விகளுக்குத் தயாராகப் போயிருந்தேன். பருத்தி வரி, மின்சாரம், கூலிக் குறைப்பு என்று எதைக் கேட்டாலும் அரைமணி நேரம் பேசியிருப்பேன்.

"அந்த ஆலைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது" என்றேன்.

மேசையின் ஓரத்தில் இருந்த இன்னொருவர் சிரித்தார். "இந்திய வரலாறு படித்துவிட்டு இந்தியாவுக்கே திரும்பிப் போகிற எண்ணமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழர் என்று எழுதியிருக்கிறது. நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில். என் அம்மாவும் அப்பாவும் பிறந்ததும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். டில்லியில் ஆறேழு வருடம் ஆய்வு மாணவியாக இருந்தபோது என்னை எல்லோரும் சிலோன்காரி என்றார்கள், உங்கள் நாட்டில் இன்னும் சண்டை நடக்கிறதா என்று கேட்டார்கள். இங்கே வந்தால் இந்தியாவுக்குத் திரும்பிப் போகிறாயா என்கிறார்கள். படியிறங்கி வரும்போது காது இரண்டும் எரிந்தன. வேலை கிடைக்கவில்லை என்ற கடிதம் பிறகுதான் வந்தது. எனக்கு அது படியிலேயே தெரிந்துவிட்டது.

நான் எழுதியது இதுதான். முப்பதுகளில் உலகமெங்கும் விலைகள் விழுந்து ஆலைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்தபோது கோயம்புத்தூரில் மட்டும் புதிய ஆலைகள் எழும்பின. பஞ்சு மலிவு, மின்சாரம் புதிது, வேலைக்கு ஆள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். ஆலை கட்டுவதற்குப் பணம் இருந்த அதே முதலாளிகளிடம் கூலி கொடுக்கப் பணம் இருக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டேன். அந்த ஏன் என்னைப் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் ஆட்களின் கதையா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் டிக்கோயாவுக்குத் திரும்பி வந்தேன். அப்பா தோட்டப் பாடசாலையில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீதியோரமாக ஒரு சிறிய வீடு வாங்கியிருந்தார். ஞாயிறுகளில் தேவாலயத்தில் வேதம் வாசிப்பார்.

"யுனிவர்சிட்டி இல்லன்னா என்னம்மா? ஹட்டன்ல டீச்சர் இல்லாம கெடக்கு. எழுதிப் போடு" என்றார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "டில்லி வரைக்கும் போயி படிச்சிட்டு வந்து இங்கயே பாடம் நடத்துறதா? கோயில்ல கேக்குறவங்களுக்கு நான் என்னா சொல்றது?"

"டீச்சரா இருக்கான்னு சொல்லு. நான் முப்பது வருஷம் அதத்தான் சொன்னேன்."

அப்பாவின் குரலில் இருந்த வருத்தம் எனக்குக் கேட்டது. எழுதிப் போட்டேன். உயர்தர வகுப்புக்கு வரலாறு கற்பிக்கிற வேலை கிடைத்தது.

பாடசாலை மேட்டில் இருந்தது. ஆசிரியர் அறை சன்னலிலிருந்து பார்த்தால் பஸ் நிலையம் தெரியும். கண்டி பஸ், கொழும்பு பஸ், நுவரெலியா பஸ். பாடமில்லாத நேரமெல்லாம் நான் அந்தச் சன்னலடியில் நிற்பேனாம். எனக்கே தெரியாது. கணித ஆசிரியர் சொல்லித்தான் தெரியும்.

"நீங்கள் ஏன் எந்த நேரமும் பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் மாதிரி நிக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சில வருடங்களுக்கு முன்பே மாற்றலாகி வந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் வீடு இருந்த ஊரில் இப்போது ஆட்கள் யாரும் இல்லை என்று மற்ற ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். நான் அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ மழுப்பியிருப்பேன்.

நாங்கள் ஒழுங்காகப் பேச ஆரம்பித்தது வேறொரு நாள். அன்று அவர் முதல் இரண்டு பாடங்களுக்கும் வரவில்லை. பத்து மணிக்கு மேல் நனைந்த குடையோடு வந்து உட்கார்ந்தார். பொலிஸில் பதியப் போயிருந்தாராம். வடக்கிலிருந்து வந்தவர்கள் அப்போது அப்படிப் பதிந்துகொண்டே இருக்க வேண்டும்.

"என்னா கேட்டாங்க சார்?"

"வழமையான கேள்விதான். ஏன் வந்தனி, எப்ப போவாய்."

"டில்லியில என்னையும் அதையேதான் கேட்டாங்க. வெளிநாட்டுக்காரங்கள பதியிற ஆபீஸ்ல. சிலோன் தமிழ்னா ரெண்டு தடவ கேப்பாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் என்ன சொன்னியள்?"

"பஞ்சாலைன்னேன். அந்த ஆளு நம்பவே இல்ல."

"நான் கேத்திரகணிதம் எண்டு சொன்னனான். அவையும் நம்பேல்லை."

அந்த அறையில் அவர் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. உயிரியல் ஆசிரியை திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு தேநீர் நேரத்தில் என் பக்கத்துக் கதிரைக்கு வந்துவிடுவார். பஞ்சாலைகளைப் பற்றிக் கேட்பார். ஏன் உன் ஆட்களைப் பற்றி எழுதவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. ஆலை முதலாளி இலாபத்தை எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி. நான் இந்த மனிதரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "அவங்க நம்மள தோட்டக்காட்டாளுங்கன்னு சொல்றவங்க. ஒனக்குத் தெரியாதா?"

"அவரு சொல்ல மாட்டாரும்மா."

"அவரு சொல்ல மாட்டாரு. அவரு வீட்டுல?"

அம்மா சொன்னது தப்பில்லை. கனடாவில் இருந்த அவருடைய அக்கா தொலைபேசியில் அந்தச் சொல்லைத்தான் சொன்னாராம். அவர் அதை என்னிடம் மறைக்கவில்லை. "அக்கா இப்பிடிச் சொன்னவ. நான் போனை வைச்சிட்டன்" என்றார். அவர் சைவம், நான் கிறிஸ்தவம். ஐயரும் வேண்டாம், போதகரும் வேண்டாம் என்று பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டோம். அப்பா ஒரு சிறிய ஜெபம் மட்டும் சொன்னார். என் கணவர் கைகட்டி நின்று கேட்டார்.

டிக்கோயாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு வாடகை வீடு கிடைத்தது. பின்னால் சரிவான நிலம். வந்த மாதமே அவர் மண்வெட்டி வாங்கினார். லீக்ஸ், பீட்ரூட், கோவா என்று காய்கறியெல்லாம் போட்டார். அந்தக் குளிரில் வராது என்று பக்கத்து வீட்டில் எல்லோரும் சொல்லியும் ஒரு முருங்கைக் கொம்பு நட்டார். அது துளிர்ப்பதும் கருகுவதுமாக இருந்தது. பாடசாலை விட்டு வந்தால் இருட்டும்வரை அங்கேதான் நிற்பார்.

"எனக்கு இடம்பெயர்ந்து களைச்சுப் போச்சு. இனி ஒரு இடத்திலை இருக்கப் போறன்" என்பார்.

எனக்கோ அந்த வீடு மூச்சை அடைத்தது. டில்லியிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளில் என் ஆய்வுக் குறிப்புகள் இருந்தன. மலைக் குளிரில் தாளெல்லாம் நமத்துப்போய் ஓரங்களில் பூஞ்சணம் பிடித்தது. வெயில் அடிக்கிற நாட்களில் கட்டிலில் பரப்பிக் காயவைப்பேன். ஆய்வேட்டைப் புத்தகமாக்க வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு அத்தியாயங்கள் வேண்டும். அவற்றுக்கான ஆவணங்கள் சென்னையில் கிடந்தன. உயர்தர மாணவர்களுக்கு அநுராதபுரத்து அரசர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மனம் வேறெங்கோ போய்விடும். ஒருநாள் கரும்பலகையில் ஒரு அரசனின் பெயரைப் பாதி எழுதி நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருடம் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராக எடுத்துக்கொண்டார்கள். நிரந்தர இடத்துக்குப் போன நேர்முகத்தில் மறுபடியும் தோற்றேன். தற்காலிகம் அதற்கு ஆறுதல் பரிசு மாதிரி. ஐரோப்பிய வரலாறு கற்பித்தேன். திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறினால் வியாழன் மாலை திரும்புவேன். பஸ்ஸில் படித்தேன், பஸ்ஸில் எழுதினேன். வளைவுகளில் பேனா இழுபட்டு என் எழுத்து எனக்கே புரியாது. வியாழன் வந்து வெள்ளி முழுவதும் வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன்.

"இரும்" என்பார் அவர்.

"இருக்கேன்."

"நீர் நிக்கிறீர்."

மகள் பிறந்தாள். அந்த வருடம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. நான் கேட்டபோது, வேறொருவர் படிப்பு முடித்து வந்திருக்கிறார் என்றார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் சன்னலடியில் நின்றேன். இந்தத் தடவை நான் நிற்பது எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் கொழும்பில் ஒரு ஆய்வு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. தோட்டங்களைத் தனியார் கம்பெனிகளிடம் கொடுத்த பிறகு தொழிலாளர் வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்று எழுத வேண்டும். வெளிநாட்டுப் பணம், நல்ல சம்பளம். "உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?" என்றார் அதன் தலைவி. எதைச் செய்யமாட்டேன் என்று இத்தனை வருடம் இருந்தேனோ அதற்கே வந்து நின்றேன். ஒப்புக்கொண்டேன். பால்மா விலையும் வீட்டு வாடகையும் அதற்குக் காரணம். வீட்டை விட்டு வெளியே போகலாம் என்பதும் ஒரு காரணம்.

எனக்கு ராகலைப் பக்கம் கொடுத்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியும் கையுமாக, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போனேன். தேநீர் கொடுத்தார்கள். கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்கள். எனக்கு அந்த வேலை வரவில்லை. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய பேச்சு. அடுத்த வாக்கியம் என்னவென்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அதனால் நான் கவனமாகக் கேட்கவில்லை. அதோடு, போன இடமெல்லாம் என்னிடம் வேறு கேள்வி கேட்டார்கள். மகனுக்கு அடையாள அட்டை எடுக்க எங்கே போக வேண்டும், கொழும்பில் வீட்டுவேலைக்குப் போன மகளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை, விசாரித்துச் சொல்ல முடியுமா. அவற்றில் பாதிக்காவது ஓடித் திரிந்தேன். ஒலிநாடாக்கள் வெறுமையாகக் கிடந்தன.

ஒரு தோட்டத்தில் மாதர் சங்கத் தலைவியாக ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும். உரத்த குரல், எப்போதும் அவசரம். நான் எந்தத் தோட்டம், அப்பா யார் என்று எல்லாம் விசாரித்துவிட்டு, "டில்லியில என்னாத்த படிச்சீங்க?" என்றார்.

சொன்னேன். மற்றவர்களுக்குச் சொல்வது போல் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. மில்லில் பெண்களுக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்தார்கள், நட்டம் நட்டம் என்று சொன்ன முதலாளி எப்படி அடுத்த மில் கட்டினான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தொடையில் தட்டினார்.

"இத எங்க ஆளுங்களுக்கு வந்து சொல்லணுங்க. இங்க சம்பளப் பேச்சு நடக்கப் போகுது. கம்பெனிக்காரன் நட்டம்னுதான் ஒப்பாரி வைக்கிறான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பொதுமண்டபத்தில் பேசினேன். நுவரெலியாவிலிருந்து ஒரு தொழிற்சங்க அமைப்பாளர் வந்திருந்தார். மண்டபம் நிறைந்திருந்தது, பெண்கள்தான் அதிகம். பல்கலைக்கழகத்தில் பேசியது போல் தொடங்கினேன். பின்வரிசையில் பேச்சுச் சத்தம் எழும்பியது. தலைவி முன்வரிசையிலிருந்து, "எங்ககிட்ட சொன்ன மாதிரி சொல்லுங்க" என்றார்.

தாளை மடித்துப் பையில் வைத்தேன். நட்டக் கணக்குக் காட்டிக்கொண்டே புதிய ஆலைக்கு அத்திவாரம் போட்ட முதலாளியின் கதையைச் சொன்னேன். மனேஜர் காரில் வந்திறங்கி, கம்பெனியிடம் காசில்லை என்று சொன்ன கதையைச் சொன்னேன். மண்டபம் சிரித்தது. "அப்ப அங்கயும் இதே கததானா?" என்று யாரோ கத்தினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. ஐந்தாறு பேர் மட்டுமே படித்த என் ஆய்வேட்டை ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ராகலையில் உட்கார்ந்துகொண்டு கோயம்புத்தூரை நினைத்துச் சிரித்தார்கள்.

அப்போது நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார். "அவங்க வேல நிறுத்தம் செஞ்சாங்கன்னீங்களே, கடைசில என்னா ஆச்சுங்க?"

அமைப்பாளர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல வேண்டும் என்று அந்தப் பார்வையிலேயே இருந்தது.

"சில மில்லுல கேட்டதுல பாதி கெடைச்சுச்சு. சில மில்லுல தோத்துட்டாங்க. முன்னுக்கு நின்னவங்க பலபேருக்கு வேல போச்சு" என்றேன்.

கேட்டவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்தது.

வெளியே அமைப்பாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "டொக்டர் பட்டம் வாங்கியிருக்கீங்க. இது கூடத் தெரியாதா? இப்புடிப் பேசுனா எவன் வேல நிறுத்தத்துக்கு வருவான்?"

"கேட்டாங்க. நடந்ததச் சொன்னேன்."

"நடந்தத யாரு கேட்டா? அவங்களுக்குத் தைரியம் வேணும்."

"பொய் சொல்லியா தைரியம் குடுக்கறது?" தலைவி குறுக்கே வந்தார். பிறகு என்னையும் விடவில்லை. "நீங்களும்தான்! கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்ல? பொட்டுனு போட்டு ஒடச்சிட்டீங்க."

இருவரும் என்னை மறந்து தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

வேலை நிறுத்தம் நடந்தது. எல்லோரும் இறங்கினார்கள். கேட்டதைவிடக் குறைவாகக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். என் பேச்சால் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் எனக்குள் ஒன்று நடந்திருந்தது. கடைசியில் என்ன ஆனது என்ற கேள்விக்கு நான் சொன்ன பதில் போதாது என்று தெரிந்துகொண்டேன். வேலை போனவர்கள் எங்கே போனார்கள்? தோற்ற ஆலையில் அடுத்த வருடம் கூலி என்ன ஆனது? எனக்குத் தெரியாது. ஆய்வேடு அங்கே நின்றுவிட்டிருந்தது. நான் எழுத வேண்டிய இரண்டு அத்தியாயங்களும் அவைதான்.

கொழும்பு நிறுவனத்துக்கு ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். நிறுவனத் தலைவி அதைப் படித்துவிட்டு, "இதில் மக்களின் குரல் இல்லையே" என்றார். அவர் சொன்னது சரி. அடுத்த கட்டத்துக்கு வேறு ஆளை எடுத்தார்கள். நான் சென்னையில் ஒரு வருடம் ஆய்வு செய்ய உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது.

என் கணவரிடம் சொன்னபோது பீட்ரூட் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒரு வருஷமோ?"

"ஒரு வருஷம்."

"பிள்ளை?"

"அம்மா பக்கத்துல இருக்காங்க. நீங்களும் இருக்கீங்க."

"நான் இருக்கிறன்." மண்ணை உதறினார். "நான் எப்பவும் இருக்கிறன். நீர்தான் ஒரு இடத்திலையும் இருக்கிறேல்லை."

"போகவேணாம்னு சொல்றீங்களா?"

"அப்பிடிச் சொல்லேல்லை. போம். போய் அந்த வேலையை முடிச்சுக்கொண்டு வாரும். முடிச்சாலாவது இருப்பீரோ எண்டு பாப்பம்."

சென்னையில் ஆவணக் காப்பகத்தில் காலையில் கதவு திறக்கும்போது நிற்பேன், மூடும்போது அனுப்பிவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று வீட்டுக்கு எடுப்பேன். அம்மாதான் பேசுவாள். "கூப்புட்டேன், வரமாட்டேங்கறா. வெளாடிக்கிட்டு இருக்கா." கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்கள் அவசரப்படுத்துவார்கள். நான் நேரே கடற்கரைக்குப் போய் இருட்டும்வரை நடப்பேன். எழுத வந்த ஊரில் வீட்டை நினைத்து அலைந்தேன். வீட்டில் இருந்தபோது இந்த ஊரை நினைத்து அலைந்தேன். இது எனக்கு ஒரு வியாதியோ என்று பயமாக இருந்தது. ஆனால் அத்தியாயங்கள் வந்தன. வேலை இழந்தவர்கள் சிலர் சின்னச் சின்ன ஊர்களில் கைத்தறிக்குப் போயிருந்தார்கள், சிலர் ஊர் திரும்பியிருந்தார்கள். தோற்ற ஆலைகளிலும் சில வருடம் கழித்துக் கூலி ஏறியிருந்தது. யார் கொடுத்தது என்று சொல்வது கடினம். அதையும் அப்படியே எழுதினேன்.

நான் திரும்பி வந்தபோது சண்டை நின்று, வடக்குக்குப் போகிற வீதியைத் திறந்திருந்தார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக அவர் வீட்டைப் பார்க்கப் போனோம். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். கிணற்றடி, மாமரம், அக்கா விழுந்து பல்லுடைந்த படி. அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. போய்ச் சேர்ந்தபோது கூரை இருக்கவில்லை. சுவர்கள் பாதி நின்றன. அடுப்படிக்குள் ஒரு வேம்பு ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. படி இருந்தது. மகள் அதில் ஏறி இறங்கி விளையாடினாள்.

அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சரி, போவம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் மாறிப்போனார். தோட்டத்தில் இறங்குவதில்லை. லீக்ஸ் பூத்து முற்றிப்போனது. பாடசாலை விட்டு வந்து வாசலில் உட்கார்ந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். வருடக்கணக்காகப் பேசாத அக்காவோடு தொலைபேசியில் பேசத் தொடங்கினார். ஒருநாள் சொன்னார், "நான் ஒருக்கா கனடா போய்ப் பாக்கப் போறன்."

அதே மாதம்தான் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது. நேர்முகத்தில் கேட்டதெல்லாம் தமிழ் மொழி மூலம் எத்தனை பாடம் எடுப்பீர்கள், எப்போது ஆரம்பிக்கலாம் என்பதுதான். கற்பிக்க ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்து வருடம் இதற்கா அலைந்தேன் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"நல்லது. இனி நீர் இரும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நான் கொஞ்சம் போறன்."

"வருவீங்களா?"

"தெரியேல்லை."

மாலைத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அழுதால் போகாமல் இருந்துவிடுவார் என்று தெரியும். நான் அழவில்லை. ஒருவருக்கு எழுந்து போக வேண்டும் போல் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவருக்குக் குளிர் உடுப்பு வாங்க நுவரெலியாக் கடைகளில் ஏறி இறங்கினேன்.

மகளும் நானும் பல்கலைக்கழக விடுதி வீட்டுக்கு மாறினோம். நான் விரிவுரைக்குப் போனேன், மகள் புதிய பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஆறு மாத விசா முடியும்வரை அவரிடமிருந்து கிழமைக்கு ஒருமுறை போன் வரும். அங்கே பனி, அக்கா வீட்டில் தொலைக்காட்சி, பேச ஆள் இல்லை. திரும்பி வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த மாதங்களில் நான் புத்தகத்தைத் திருத்தி முடித்துச் சென்னையில் ஒரு சிறிய பதிப்பகத்துக்கு அனுப்பினேன்.

ஒரு பிற்பகல் விரிவுரை முடித்து வந்தபோது அவர் வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். மகள் பெட்டியைத் திறந்து சொக்லெட் தேடிக்கொண்டிருந்தாள்.

"அங்கை ஒருத்தரும் நடக்கிறேல்லை. எல்லாரும் காரிலைதான் போகினம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரண்டு நாள் தூங்கினார். பிறகு பக்கத்துப் பாடசாலைக்கு மாற்றல் எழுதிப் போட்டார்.

புத்தகம் வந்தது. மதிப்புரை இரண்டோ மூன்றோ வந்தன. அப்பாவுக்கு ஒன்று கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு முதலிலிருந்து கடைசி வரை, வேதம் வாசிப்பது போல் வரிவரியாக வாசித்தார். "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா படிக்கலாம்" என்றார். மனம் நிறைந்திருக்க வேண்டும். எனக்கு ஒரு கிழமைதான் நிறைந்திருந்தது. அடுத்த கிழமையே சீனி ஆலைகளைப் பற்றி ஒரு கேள்வி வந்துவிட்டது. வடக்கே கங்கைக் கரை ஊர்களில் அரசாங்கம் இறக்குமதிக்கு வரி போட்டதும் கரும்புக்காரனுக்கு என்ன கிடைத்தது?

சாப்பாட்டு மேசையில் மெதுவாகச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"எங்கை?"

"கான்பூர்ப் பக்கம்."

"எத்தினை மாசம்?"

"லீவுல போனா ரெண்டு மாசம்."

யோசித்தார். "இந்த முறை நாங்களும் வாறம்."

பாடசாலை விடுமுறையில் மூன்று பேரும் போனோம். சென்னையிலிருந்து வடக்கே போகிற ரயில். மகளுக்கு வெக்கை தாங்கவில்லை, சிணுங்கிச் சிணுங்கி அவர் மடியில் தூங்கிவிட்டாள். எதிரே இருந்த பெரியவரோடு அவர் பாதி ஆங்கிலத்திலும் பாதி சைகையிலும் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு உட்கார முடியவில்லை. கதவோரம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரும்பு வயல்கள் வரத் தொடங்கியிருந்தன.

"வந்து இருமன்" என்று அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"கொஞ்ச நேரம்" என்றேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. பெரியவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். வண்டி ஒரு பெரிய ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது.